கணித மேதையின் காய்ச்சல்

கணித மேதை சீனிவாச இராமானுஜனை அறியாத மாணவர் நம்மிடையே இலர். கும்பகோணத்துத் திண்ணையும், கேம்பிரிட்ஜ் ஹார்டியும், 1729 என்னும் எண்ணும் பள்ளிப் பாடநூல்களிலேயே நமக்கு அறிமுகமானவை. அவர் எதனால் இறந்தார் என்று கேட்டால், காசநோயால் என்று உடனே விடை சொல்லிவிட்டு அடுத்த பேச்சுக்குப் போய்விடுகிறோம். கணிதத்தில் அவர் எழுதிய ஒவ்வொரு சூத்திரத்துக்கும் நிறுவல் கேட்டார்கள். ஆனால் அவர் உயிரைக் கொண்டு போன நோய்க்கு மட்டும் யாரும் நிறுவல் கேட்டதாகத் தெரியவில்லை. எழுபத்து நான்கு ஆண்டுகள் கழித்துத்தான் ஒருவர் கேட்டார். உயிரியல் பயிலும் மாணவனாகிய எனக்கு அந்தக் கேள்வி பெரிதாகப் படுகிறது. ஆகவே அந்த மேதையின் வரலாற்றை அவர் உடலின் பக்கம் நின்று சொல்ல முயல்கிறேன்.

இராமானுஜன் 1887-ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 22-ஆம் நாள் ஈரோட்டில், தாய்வழிப் பாட்டி வீட்டில் பிறந்தார். தந்தை சீனிவாச ஐயங்கார் கும்பகோணத்தில் ஒரு புடவைக் கடையில் கணக்கெழுதியவர். தாய் கோமளத்தம்மாள் கோயிலில் பஜனை பாடிக் குடும்பத்துக்குச் சிறிது பொருள் சேர்த்தவர். சாரங்கபாணி சந்நிதித் தெருவில் சிறிய வீடு. இரண்டு வயதில் குழந்தைக்கு அம்மை வார்த்தது. அந்த ஆண்டு தஞ்சை மாவட்டத்தில் அம்மையால் மாண்டவர் பலர், இவர் பிழைத்துக்கொண்டார். முகத்தில் வடு மட்டும் நின்றது. இவருக்குப் பின் பிறந்த மூன்று குழந்தைகள் ஓராண்டு நிரம்பும் முன்னரே இறந்துபோயின. அக்காலத்து வீடுகளில் சாவு அவ்வளவு அடிக்கடி வந்துபோகும் உறவினனாக இருந்தது.

பள்ளியில் அவர் பெற்ற பரிசுகளையும், பதினாறாம் வயதில் கையில் கிடைத்த காரின் கணிதத் தொகுப்பு நூலையும், அதன் பின் கணிதம் ஒன்றைத் தவிர வேறெதையும் படிக்க மறுத்ததையும் எல்லோரும் எழுதியிருக்கிறார்கள். அதனால் கும்பகோணம் அரசினர் கல்லூரியில் உபகாரச் சம்பளம் பறிபோயிற்று. 1905-இல் வீட்டில் சொல்லாமல் விசாகப்பட்டினம் வரை ஓடிப்போனார். 1906-இல் சென்னைப் பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்தார். அங்கே அவருக்குக் கடுமையான சீதபேதி கண்டது. படிப்பை நிறுத்திவிட்டுக் கும்பகோணம் திரும்பிப் படுத்திருக்க நேர்ந்தது.

இந்தச் சீதபேதியை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். வரலாற்று நூல்களில் ஒரே வரியில் வந்து போகும் செய்தி அது. சென்னைத் தண்ணீர் ஒத்துக்கொள்ளவில்லை என்று அன்று சொல்லியிருப்பார்கள். ஊருக்கு வந்து கஞ்சி குடித்துத் தேறியிருப்பார். பேதி நின்றால் நோய் போயிற்று என்பதுதான் அன்றைய கணக்கு. இன்றும் பல வீடுகளில் அதுதான் கணக்கு.

1907-இல் எப்.ஏ. தேர்வில் தோற்றார். 1909-இல் பத்து வயதுச் சிறுமி ஜானகியை மணந்தார். அடுத்து விரைவாதம் என்னும் வீக்கம் வந்தது. அறுவைக்குப் பணமில்லை. 1910 ஜனவரியில் ஒரு மருத்துவர் காசு வாங்காமல் அறுவை செய்தார். இந்த அறுவையையும் நினைவில் வைத்துக்கொள்க. பிற்காலத்தில் லண்டன் மருத்துவர் ஒருவரைத் தவறான பாதையில் இழுத்துச் சென்றது இதுவே.

அதன் பின் நல்லவர்கள் ஒவ்வொருவராக வந்தார்கள். திருக்கோவிலூரில் டெப்டி கலெக்டராக இருந்த, இந்தியக் கணிதச் சங்கத்தைத் தோற்றுவித்த, இராமசாமி ஐயர் நோட்டுப் புத்தகத்தைப் பார்த்து வியந்தார். நெல்லூர்க் கலெக்டர் இராமச்சந்திர ராவ் மாதம் 25 ரூபாய் கொடுத்துக் காத்தார். 1912-இல் சென்னைத் துறைமுகக் கழகத்தில் மாதம் 30 ரூபாய்க்கு எழுத்தர் வேலை கிடைத்தது. 1913 ஜனவரி 16-இல் ஹார்டிக்குக் கடிதம் போயிற்று. அதே ஆண்டில் சென்னைப் பல்கலைக்கழகம் மாதம் 75 ரூபாய் உதவித்தொகை தந்தது. 1914 மார்ச் 17-ஆம் நாள் நெவாசா என்னும் கப்பலில் அவர் சீமைக்குப் புறப்பட்டார்.

அக்கப்பலில் ஒரு தமிழ் மருத்துவரும் பயணம் செய்தார். பெயர் டாக்டர் சௌரி முத்து. இங்கிலாந்தில் மெண்டிப் குன்றுகளின் மேல் காசநோயாளருக்கென்று ஒரு சானடோரியம் நடத்திவந்தவர். இதே சௌரி முத்துதான் பிற்காலத்தில், 1928-இல், தாம்பரத்தில் காசநோய் சானடோரியத்தை நிறுவினார். அது 1937-இல் அரசினர் கைக்குப் போயிற்று. தாம்பரம் சானடோரியம் என்னும் ரயில் நிலையத்தின் பெயரில் இன்றும் அவர் பணி நிற்கிறது. கப்பலில் சந்தித்த அந்த இருவரும் மூன்றரை ஆண்டுகளுக்குப் பின் மருத்துவரும் நோயாளியுமாக மறுபடி சந்திப்பார்கள் என்று அன்று யார் கண்டார்!

கேம்பிரிட்ஜில் டிரினிட்டி கல்லூரி அவரை வரவேற்றது. ஆனால் அவர் போய்ச் சேர்ந்த நான்காம் மாதமே உலகப் போர் மூண்டது. இராமானுஜன் புலால் உண்ணாதவர். கல்லூரி உணவுக்கூடத்தில் கை நனைக்காதவர். தம் அறையிலேயே சமைத்தார். ஊரிலிருந்து புளியும் மசாலைப் பொருள்களும் கப்பலில் வரவேண்டும். போர்க்காலத்தில் காய்கறியும் பாலும் அரிதாயின. சமைப்பதற்கும் நேரம் காலம் கிடையாது. இரவும் பகலும் விழித்துக் கணக்குப் போட்டுவிட்டு, அதன் பின் நெடுநேரம் உறங்குவார். அவர் அங்கே செய்த வேலையின் அளவைப் பார்த்தால் அவருக்குப் பசி எப்போது எடுத்திருக்கும் என்றே ஐயமாயிருக்கிறது. ஓர் எண்ணை எத்தனை விதமாகக் கூட்டல்களாகப் பிரிக்கலாம் என்னும் கேள்விக்கு அவரும் ஹார்டியும் கண்ட சூத்திரம் ஒன்று போதும் சான்றுக்கு. 4 என்ற எண்ணை 5 விதமாகப் பிரிக்கலாம். 200 என்ற எண்ணை 3,972,999,029,388 விதமாகப் பிரிக்கலாம். ஒவ்வொன்றாக எழுதி எண்ணத் தொடங்கினால் பல ஆயிரம் பிறவி எடுக்கவேண்டும். சூத்திரமோ நேரே விடையின் வாசலில் கொண்டுபோய் நிறுத்துகிறது.

1917-ஆம் ஆண்டு வசந்த காலத்தில் அவர் படுத்தார். முதலில் கேம்பிரிட்ஜில் ஒரு மருத்துவ விடுதியில் சேர்த்தார்கள். இரைப்பையில் புண் என்றார்கள் முதலில். இரவில் காய்ச்சல் வந்தது, உடல் மெலிந்தது. ஆகவே காசம் என்றார்கள். இரத்தத்தில் நச்சு கலந்துவிட்டது என்றும் பேச்சு எழுந்தது. லண்டனில் பேட்டி ஷா என்னும் பெயர்பெற்ற மருத்துவர், சில ஆண்டுகளுக்கு முன் நடந்த அறுவையைக் கேட்டறிந்து, அது வெறும் விரைவாதமாக இராது, புற்றாக இருந்திருக்கும், அதுவே இப்போது ஈரலுக்குப் பரவிவிட்டது என்று ஊகித்தார். புற்றாயிருந்தால் மளமளவென்று பெருகியிருக்கும், அப்படி நடக்கவில்லை, ஆகவே அந்த ஊகமும் கைவிடப்பட்டது. கீழைநாட்டுக் கிருமி எதுவோ என்று ஐயுற்றவர்களும் உண்டு. அந்த ஐயம் ஐயமாகவே நின்றது. பின்பற்றிச் சென்று பார்த்தவர் இல்லை.

கடைசியில் காசம் என்ற முடிவே தங்கியது. 1917 அக்டோபரில் சௌரி முத்துவின் மெண்டிப் சானடோரியத்துக்கு அனுப்பப்பட்டார். அங்கே சில வாரங்களே இருந்தார். பிறகு டெர்பிஷயரில் மாட்லாக் என்னும் ஊரின் சானடோரியத்தில் ஏறத்தாழ ஓராண்டு. அக்காலத்தில் காசத்துக்கு மருந்து கிடையாது. திறந்த காற்று, ஓய்வு, ஊட்டமான உணவு ஆகிய மூன்றும்தான் மருந்து. திறந்த காற்று என்றால் கதவு ஜன்னல்களைத் திறந்துபோட்டு, ஆங்கில நாட்டுக் குளிரில் படுக்க வைப்பது. ஊட்டமான உணவு என்றால் இறைச்சியும் முட்டையும். காவிரிக் கரையில் பிறந்த ஒரு வைணவருக்கு இவ்விரண்டும் தண்டனை போலவே இருந்திருக்கும். குளியலறை ஒன்றுதான் சற்று வெதுவெதுப்பாயிருக்கிறது என்று கண்டு, தாளும் பேனாவும் எடுத்துக்கொண்டு அங்கே போய்க் கணக்குப் போடத் திட்டமிட்டார் என்பதை அவர் கடிதத்தால் அறிகிறோம். படிப்பவர் சிரிக்கலாம். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

1918-இன் தொடக்கத்தில் மனம் உடைந்து, லண்டன் பாதாள ரயிலின் முன் விழுந்தார். காவலர் ஒருவர் விசையை இழுத்து வண்டியை நிறுத்த, சில அடி தூரத்தில் உயிர் தப்பியது. ஹார்டி போய்ப் பேசிக் காவல் துறையினரிடமிருந்து மீட்டார். அதே ஆண்டில்தான் இராயல் சொசைட்டி அவரை உறுப்பினராக்கியது; அக்டோபரில் டிரினிட்டி கல்லூரியும் தன் பெல்லோவாகத் தேர்ந்தது. அந்தப் பதவியைப் பெற்ற முதல் இந்தியர் அவர். புகழும் காய்ச்சலும் ஒரே ஆண்டில் ஏறின. லண்டனுக்கு அருகே பட்னியில் அவர் படுத்திருந்தபோது பார்க்க வந்த ஹார்டி, தாம் ஏறிவந்த வாடகை வண்டியின் எண் 1729 என்றும், அதில் சிறப்பு ஒன்றுமில்லை என்றும் சொன்னதும், இரு கன எண்களின் கூட்டலாக இரண்டு விதத்தில் எழுதக்கூடிய மிகச் சிறிய எண் அதுவே என்று இவர் படுக்கையிலிருந்தே விடை கூறியதும் உலகறிந்த செய்தி. ஒன்றின் கனமும் பன்னிரண்டின் கனமும் சேர்ந்தால் 1729. ஒன்பதின் கனமும் பத்தின் கனமும் சேர்ந்தாலும் அதுவே. அது ஒரு நோயாளியின் படுக்கையருகே நிகழ்ந்தது என்பதைத்தான் பலர் மறந்துவிடுகிறார்கள்.

போர் முடிந்தது. 1919 பிப்ரவரி 27-இல் நகோயா கப்பலில் புறப்பட்டு மார்ச் 27-இல் பம்பாயில் இறங்கினார். சென்னை, கொடுமுடி, கும்பகோணம், மறுபடி சென்னை என்று ஓராண்டு இடம் மாறி மாறிக் கழிந்தது. காசநோய் வல்லுநரான டாக்டர் சந்திரசேகர ஐயர் மருத்துவம் பார்த்தார். சேத்துப்பட்டில் ஹாரிங்டன் சாலை வீட்டில் இருபது வயதே நிரம்பியிருந்த ஜானகி இரவு பகலாகப் பணிவிடை செய்தார். வலி எழும்போது வெந்நீர் ஒற்றடம் கொடுப்பார். வலி சற்றுத் தணிந்தால் இவர் பலகையைக் கேட்பார். 1920 ஜனவரி 12-இல் ஹார்டிக்கு எழுதிய கடைசிக் கடிதத்தில், போலித் தீட்டா சார்புகள் என்று இன்று நாம் அழைக்கும் புதிய கண்டுபிடிப்பு இருந்தது. உடல் எலும்பும் தோலுமாயிற்று. 1920 ஏப்ரல் 26-ஆம் நாள் காலை உயிர் பிரிந்தது. அவருக்கு வயது முப்பத்திரண்டு.

இனி அந்தக் கேள்விக்கு வருவோம். அவரைப் பார்த்த மருத்துவர்களைக் குறை சொல்வது எளிது; நியாயமன்று. காசக் கிருமியை இராபர்ட் காக் 1882 மார்ச் 24-இல் உலகுக்கு அறிவித்துவிட்டார். எக்ஸ் கதிர் 1895-இல் வந்துவிட்டது. கருவிகள் இருந்தன. ஆனால் அவற்றின் எல்லையையும் அறியவேண்டும். கபத்தைச் சாயமிட்டு நுண்ணோக்கியில் பார்க்கும் முறையில், ஒரு மில்லிலிட்டர் கபத்தில் குறைந்தது ஐயாயிரம் முதல் பத்தாயிரம் கிருமிகள் இருந்தால்தான் கண்ணுக்குத் தெரியும். கிருமியை வளர்த்துப் பார்க்கலாமென்றால், மற்ற பல கிருமிகள் இருபது நிமிடத்தில் இரட்டிக்க, இந்தச் சோம்பேறிக் கிருமி இரட்டிக்க ஏறத்தாழ இருபது மணி நேரம் எடுத்துக்கொள்ளும், வாரக்கணக்கில் காத்திருக்கவேண்டும். நோய் நுரையீரலில் இல்லாமல் குடலிலோ, எலும்பிலோ, ஈரலிலோ இருந்தால் கபத்தில் ஒன்றுமே இராது. ஆகவே இரவுக் காய்ச்சல், மெலிவு, நலிவு ஆகிய மூன்றையும் வைத்துக்கொண்டு மருத்துவர் ஊகிப்பார். அந்நாளில் இம்மூன்றும் சேர்ந்தால் முதலில் நினைவுக்கு வரும் பெயர் காசம்.

1994-இல் டாக்டர் யங் என்பவர் இராயல் சொசைட்டியின் வரலாற்று இதழில் ஒரு கட்டுரை எழுதினார். கிடைத்த கடிதங்களையும் குறிப்புகளையும் ஆராய்ந்து, இராமானுஜனுக்குக் காசமே இல்லை. அமீபா என்னும் ஒற்றை உயிரணு ஒட்டுண்ணி ஈரலில் குடியேறிய நோயே அவரை வருத்தியது என்று முடிவு கூறினார். இப்போது 1906-ஆம் ஆண்டுச் சீதபேதி நினைவுக்கு வரவேண்டும். அமீபாச் சீதபேதி முற்றும் தீராமல் விட்டால், அந்த உயிரி குடலில் ஆண்டுக்கணக்கில் ஒளிந்திருந்து, ஒரு நாள் ஈரலுக்குப் போய்ச் சீழ்க்கட்டி உண்டாக்கும். காய்ச்சல் விட்டு விட்டு வரும், உடல் மெலியும். காசம் போலவே தோன்றும்.

இதில் நெஞ்சைச் சுடும் செய்தி என்னவென்றால், காசத்துக்கு அன்று மருந்தில்லை. ஆனால் அமீபாவுக்கு இருந்தது. எமட்டீன் என்னும் மருந்தை ஊசி மூலம் செலுத்தினால் அமீபாச் சீதபேதி தீரும் என்று 1912-இலேயே லியோனார்டு ராஜர்ஸ் காட்டிவிட்டார். எங்கே? நம் நாட்டுக் கல்கத்தாவில்! மேதை கேம்பிரிட்ஜுக்குப் போன பிறகு, அவருக்கு வேண்டிய மருத்துவ அறிவு வங்காளத்தில் இருந்தது.

யங்கின் முடிவு முடிந்த முடிபு என்று நான் சொல்லமாட்டேன். அவரும் நோயாளியைப் பார்த்தவர் அல்லர்; கடிதங்களைத்தான் பார்த்தார். அருகிலிருந்து பணிவிடை செய்த ஜானகிக்கு நோய் தொற்றவில்லை, ஆகவே அது காசமன்று என்று வாதிடுவாரும் உண்டு. அந்த வாதம் எனக்கு வலுவாகப் படவில்லை. காசக் கிருமி உள்ளே புகுந்தவரில் பத்தில் ஒருவர்தாம் வாழ்நாளில் நோயாளியாகிறார். மற்றவர் உடலில் அது உறங்கிக் கிடக்கும். என்றாலும் யங் எழுப்பிய ஐயம் நியாயமானது. வழக்கு இன்னும் முடியவில்லை.

இன்று அவர் படுத்திருந்தால் என்ன செய்வோம்? ஒரு சிறு குழாய் இரத்தம் எடுப்போம். அதன் கதையைச் சற்று விரிவாகவே சொல்லவேண்டும்.

எந்த உயிரணு செத்தாலும் அதன் மரபுப் பொருளாகிய டி.என்.ஏ. சிதறித் துணுக்குத் துணுக்காக இரத்தத்தில் கலக்கிறது. நம் உயிரணுக்களும் அப்படியே. நம்முள் புகுந்த கிருமிகளும் அப்படியே. இரத்தத்தின் தெளிந்த நீரை எடுத்து, அதில் மிதக்கும் கோடிக்கணக்கான துணுக்குகளின் எழுத்துகளை வரிசையாக ஒரு கருவி படிக்கிறது. ஏ, டி, ஜி, சி என்று நான்கே எழுத்துகள் கொண்ட மொழி அது. படித்த வரிகளைக் கணிப்பொறி, உலகில் இதுவரை படித்து வைத்திருக்கும் உயிரினங்களின் ஏடுகளோடு ஒப்பிடுகிறது. காசக் கிருமியின் ஏடு 1998-இல் முழுதும் படிக்கப்பட்டது. 44 லட்சத்துக்கும் மேற்பட்ட எழுத்துகள், ஏறத்தாழ 4,000 மரபணுக்கள். சீதபேதி அமீபாவின் ஏடு 2005-இல் வெளிவந்தது. இம்முறையின் பெருமை யாதெனில், இன்ன நோய்தானா என்று முன்கூட்டியே கேட்கவேண்டியதில்லை. காசத்தின் துணுக்கு இருந்தால் காசம் என்று சொல்லும். அமீபாவின் துணுக்கு இருந்தால் அமீபா என்று சொல்லும். மருத்துவரின் மனத்தில் முதலில் தோன்றிய பெயருக்கு அது அடிமையன்று.

இன்னொரு வழியும் உண்டு. கிருமியைத் தேடாமல், கிருமியைக் கண்ட நம் உடலின் பரபரப்பைப் படிப்பது. காசம் வந்தவரின் வெள்ளணுக்களில் சில மரபணுக்கள் ஓங்கிப் பேசும், சில அடங்கிவிடும். 2010-இல் லண்டன் ஆய்வாளர் 393 குறிப்புகள் கொண்ட ஒரு முத்திரையை இரத்தத்தில் கண்டனர். 2016-இல் தென்னாப்பிரிக்க இளைஞர்களிடையே நடந்த ஆய்வில், 16 மரபணுக்களின் நடத்தையைக் கொண்டு, நோய் வெளிப்படுவதற்கு ஓராண்டு முன்பே சிலரை அடையாளம் காண முடிந்தது.

இவ்வளவு சொல்லிவிட்டு இதன் குறைகளை மறைப்பது விஞ்ஞான மாணவனுக்கு அழகன்று. காசக் கிருமியின் துணுக்குகள் இரத்தத்தில் மிக மிகக் குறைவு. வைக்கோற்போரில் ஊசி என்றால் ஊசிக்குக் கோபம் வரும், அவ்வளவு குறைவு. காணவில்லை என்பதால் இல்லை என்று சொல்ல முடியாது. செலவும் மிகுதி. சோதனைச்சாலைத் தூசியிலும் வேதிப் பொருளிலும் உள்ள கிருமித் துணுக்கும் கணக்கில் புகுந்துவிடும். எங்கள் ஆய்வுக்கூடத்தில் ஒவ்வொரு தொகுதியோடும் வெறும் தண்ணீர்க் குழாய் ஒன்றையும் ஓட்டுவது அதற்காகத்தான். ஆகவே கபத்தில் மரபணுவைத் தேடும் கருவிகளே இன்றும் முன்னணியில் நிற்கின்றன. 2010-இல் உலக சுகாதார நிறுவனம் ஏற்றுக்கொண்ட ஜீன்எக்ஸ்பர்ட் இரண்டு மணி நேரத்தில் விடை தருகிறது. நம் நாட்டிலேயே உருவாகி 2020-இல் அந்நிறுவனத்தின் ஒப்புதல் பெற்ற ட்ரூநாட் கருவியோ மின்கலத்தில் ஓடக்கூடியது. மலைமேல் உள்ள சுகாதார நிலையத்துக்கும் தூக்கிச் செல்லலாம்.

மலை என்றதும் நம் மக்கள் நினைவு வருகிறது. நம் மன்றத்தில் கூடியிருக்கும் நாம் பெரும்பாலும் சித்தூர், கொழிஞ்சாம்பாறைப் பக்கத்து வயல் ஊர்களிலிருந்தும், மூணாறு, தேவிகுளம், பீர்மேட்டுத் தேயிலைத் தோட்டங்களிலிருந்தும் வந்தவர்கள். நான் லயத்து வீட்டில் வளர்ந்தவன். ஒரு சுவருக்கு அந்தப் பக்கம் ஒருவர் இருமினால் இந்தப் பக்கம் நான்கு பேருக்குத் தூக்கம் கெடும். தோட்டத்துக்காரருக்கு இருமல் ஒரு மாதம் நீடித்தால், அது பனியா, தேயிலைத் தூசியா, பீடியா, டி.பி.யா என்று யாரும் பிரித்துப் பார்ப்பதற்குள் அவருடைய தம்ளர் தனியாகப் போய்விடும். பெண் கேட்டு வருபவர் நின்றுபோவர். பிறகு மலையடிவாரத்துக்கு இறங்கிப் போய்ச் சோதித்து, ஒன்றுமில்லை என்று தாள் வாங்கிவந்தாலும் தம்ளர் பழைய இடத்துக்கு வராது. பெயர் சூட்டுவது எளிது. சூட்டிய பெயரை எடுப்பதுதான் கடினம். இராமானுஜனுக்கு நேர்ந்ததை நினைக்கும்போதெல்லாம் எனக்கு அந்தத் தனித் தம்ளரே தோன்றுகிறது.

இதற்கு மறுபக்கமும் உண்டு. இரத்தத்தில் பார்த்துச் சொல்கிறோம் என்று ஒரு பழைய சோதனை நம் நாடெங்கும் நடந்தது. அது மரபணுவைப் படிப்பது அன்று; கிருமிக்கு எதிராக உடல் உண்டாக்கும் எதிர்ப்பொருளைத் தேடுவது. இல்லாத நோயை உண்டென்றும், உள்ள நோயை இல்லையென்றும் சொல்லியது. 2011-இல் உலக சுகாதார நிறுவனம் அதைப் பயன்படுத்தலாகாது என்று அறிவுறுத்தியது. 2012-இல் இந்திய அரசு தடை விதித்தது. அதுவரை எத்தனை ஏழைகள் தோட்டத்துக் கூலியைக் கொடுத்து அந்தத் தாளை வாங்கியிருப்பார்கள்! இரத்தச் சோதனை என்றாலே மரியாதை கொடுக்கும் வழக்கம் நம்மிடம் உண்டு. என்ன தேடுகிறார்கள், எப்படித் தேடுகிறார்கள் என்று கேட்கும் வழக்கம் இல்லை. உலகின் காசநோயாளரில் ஏறத்தாழ நால்வருக்கு ஒருவர் இந்தியர். அவர்களுள் ஐவருக்கு ஒருவருக்குக் குறையாமல் நோய் நுரையீரலுக்கு வெளியே இருக்கிறது. குழந்தைகளோ கபத்தைத் துப்பத் தெரியாமல் விழுங்கிவிடுகிறார்கள். இவர்களுக்காகத்தான் நம்பத்தக்க இரத்தச் சோதனை வேண்டும்.

இந்தக் கருவிகளைக் கொண்டு இராமானுஜனின் வழக்கை இன்று தீர்க்கலாகாதோ என்று சில நண்பர்கள் கேட்கிறார்கள். ஹங்கேரி நாட்டில் வாட்ஸ் என்னும் ஊரின் தேவாலய நிலவறையில் உலர்ந்து கிடந்த பழைய உடல்களை ஆராய்ந்தவர்கள், 1797-இல் இறந்த ஒரு பெண்ணின் நுரையீரலிலிருந்து காசக் கிருமியின் மரபணு ஏட்டைப் படித்து 2013-இல் வெளியிட்டார்கள். இருநூறு ஆண்டுக்கு முந்தைய கிருமியே பேசுகிறது. ஆனால் இராமானுஜன் உடல் எரியூட்டப்பட்டது. ஒரு சொட்டு இரத்தமும், எலும்பின் துண்டும் இல்லை. அவர் விட்டுச் சென்றவை நோட்டுப் புத்தகங்களும் தாள்களும் மட்டுமே. அவற்றுள் கடைசி ஆண்டுத் தாள்கள் 1976-இல் கேம்பிரிட்ஜ் நூலகத்தில் ஆண்ட்ரூஸ் என்னும் அமெரிக்கக் கணிதரின் கண்ணில் பட்டன.

அமீபாவைப் பற்றி ஒரு செய்தி. ஈரல் சீழ்க்கட்டி கொண்ட நோயாளிகளின் சிறுநீரிலும் உமிழ்நீரிலும் அமீபாவின் டி.என்.ஏ. இருப்பதைப் புதுச்சேரி ஜிப்மர் ஆய்வாளர்கள் 2007, 2008 ஆண்டுகளில் கண்டு வெளியிட்டார்கள். கும்பகோணத்திலிருந்து புதுச்சேரி எவ்வளவு தூரம்? ஒரு வேளைப் பயணம்.

சேத்துப்பட்டுச் செய்தி இன்னும் வியப்பானது. மேதை உயிர் நீத்த அதே சேத்துப்பட்டில்தான் 1956-இல் காசநோய் மருந்தாராய்ச்சி நிலையம் தொடங்கப்பட்டது. வீட்டில் இருந்தபடியே ஓராண்டு மருந்துண்டாலும், சானடோரியத்தில் படுத்திருப்பவருக்குக் கிடைக்கும் பயன் கிடைக்கும் என்று 1959-இல் உலகுக்கு எடுத்துக்காட்டியவர்கள் அவர்களே. திறந்த ஜன்னலும் ஆங்கிலக் குளிரும் அன்றோடு காசநோயாளருக்குத் தேவையற்றவையாயின. இன்று அது தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனம் என்னும் பெயரில் இயங்குகிறது. தென்னிந்தியக் காசக் கிருமிகளின் மரபணு ஏடுகள் அங்கே ஆராயப்படுகின்றன.

ஜானகி அம்மையாருக்குக் கணவர் இறந்தபோது வயது இருபத்தொன்று. பல்கலைக்கழகம் தந்த சிறு தொகையோடு, தையலும் பூவேலையும் கற்றுச் சென்னைத் திருவல்லிக்கேணியில் தம் கையால் பிழைத்தார். ஒரு பிள்ளையை எடுத்து வளர்த்துப் படிக்க வைத்தார். காசநோயாளியின் மனைவி என்ற பெயரோடு எழுபத்து நான்கு ஆண்டுகள் வாழ்ந்து, 1994 ஏப்ரல் 13-ஆம் நாள் மறைந்தார். யங்கின் கட்டுரை வெளிவந்ததும் அதே ஆண்டில்தான்.